தலை வெள்ளை, பேரு மட்டும் பழுப்புத்தலையா?

கேள்வி: டிசம்பர்ல தேவனாம்பட்டினம் பீச்சுல எடுத்த கடல்காக்கா படத்த ஆப்ல போட்டா 'குரோய்கோசெஃபலஸ் புருன்னிசெஃபலஸ்'னு வருது. பழுப்புத்தலைன்னு அர்த்தமாம். படத்துல தலை வெள்ளையா இருக்கே? வீட்ல இருக்குற பழைய புத்தகத்துல முன்பாதி 'லாரஸ்'னு வேற போட்டிருக்கு. எத நம்புறது சார்? (கடலூர் வாசகர்)

பதில்: ரெண்டையும் நம்பலாம், ஆப்ப திட்டாதீங்க. இது திபெத் பக்கம் உசரத்துல இருக்குற ஏரிகள்ல குஞ்சு பொரிக்கிற பறவை, அந்த சீசன்ல தான் தலை காப்பிப்பொடி கலர்ல இருக்கும், நம்ம ஊருக்கு வர்றப்ப அதெல்லாம் உதிர்ந்து கண்ணுக்குப் பின்னாடி ஒரு கரும்பொட்டு தான் மிஞ்சும். மார்ச் கடைசில கெடிலம் முகத்துவாரம் பக்கம் போய்ப் பாருங்க, கிளம்புற அவசரத்துல சிலதுக்கு தலை கறுக்க ஆரம்பிச்சிருக்கும். 1840ல பேரு வச்ச ஜெர்டன் சென்னை மாகாணத்துல கம்பெனி டாக்டரா இருந்தவர் தான். ஆப் சொல்ற முன்பாதி குரோய்கோசெஃபலஸுக்கும் 'கலர் பூசின தலை'ன்னு தான் அர்த்தம், ஆக ஒரே பறவைக்கு தலையப் பத்தியே ரெண்டு தடவ. அடையாளத்துக்கு தலைய விட்டுட்டு றெக்கை நுனியப் பாருங்க, கறுப்புக்குள்ள வெள்ளைப் பொட்டு இருந்தா வளர்ந்த பழுப்புத்தலையே தான்.

முன்பாதி ஏன் மாறுச்சுன்னா, அது வீட்டு விலாசம் மாதிரி, சொந்தம் யாருன்னு ஆராய்ச்சில தெரியத் தெரிய பறவைய வேற வீட்டுக்கு மாத்துவாங்க, கூப்பிடுற பேரு கூடவே போயிரும். ஆலாக்களுக்கும் (இங்கிலீஷ்ல டெர்ன்) இதே கதை தான். பழைய புத்தகத்துல எல்லாம் 'ஸ்டெர்னா', இப்ப ஸ்டெர்னா பெர்கி தலாசியஸ் பெர்கி ஆயிருச்சு, ஸ்டெர்னா ஆல்பிஃப்ரான்ஸ் ஸ்டெர்னுலா ஆல்பிஃப்ரான்ஸ் ஆயிருச்சு. அதனால புத்தகத்தையும் ஆப்பையும் ஒத்துப் பாக்கும்போது பின்பாதிய வச்சுத் தேடுங்க, கடைசி எழுத்து மட்டும் அப்பப்ப மாறும், ஹைப்ரிடஸ் ஹைப்ரிடா ஆன மாதிரி.

அந்த ஹைப்ரிடா நம்ம மீசை ஆலா, புதுச்சேரி பக்கம் ஊசுட்டேரில குளிர்காலத்துல ஆலாப் பறக்குமே அதே தான். 1811ல பல்லாஸ்ங்கிற விஞ்ஞானி இத ரெண்டு வேற ஆலாவுக்குப் பொறந்த கலப்போன்னு சந்தேகப்பட்டு வச்ச பேரு, கலப்பெல்லாம் இல்ல, தனி இனம். முன்பாதி 'கிளிடோனியாஸ்' அதவிட கூத்து, தகைவிலானுக்கு கிரேக்கத்துல கெலிடோன், 1822ல ரஃபினெஸ்க்னு இன்னொரு விஞ்ஞானி எழுதறப்ப நடுவுல ஒரு எழுத்த முழுங்கிட்டாரு. நம்ம திருப்பாதிரிப்புலியூர் திருப்பாப்புலியூர் ஆன மாதிரி அதுவே நின்னுருச்சு. முதல்ல அச்சான பேருக்குத் தான் மரியாதைன்னு விதி, தப்பு தெரிஞ்சாலும் லேசுல கை வைக்க முடியாது.

என்னக் கேட்டா இதுல உச்சம் பெரிய ஃப்ரிகேட்ங்கிற கடல்பறவை தான். றெக்கை ரெண்டு மீட்டருக்கு மேல விரியும், பேரோட பின்பாதி 'மைனர்', அதாவது சின்னது! 1789ல க்மெலின்ங்கிற விஞ்ஞானி அத கூழைக்கடா குடும்பத்துல சேத்து சின்ன கூழைக்கடான்னு எழுதிட்டாரு, பின்னாடி வீடு மாறியும் மைனர் ஒட்டிக்கிச்சு. புயலுக்கு அப்புறம் கரையோரம் அப்படி ஒண்ணு உங்க கேமராவுல மாட்டுச்சுன்னா, மைனர்னு ஆப் சொன்னத வச்சு சின்ன ஃப்ரிகேட்னு ஃபைலுக்கு பேரு போட்டுறாதீங்க, சின்னதுக்கு பேரு 'ஏரியல்', அதுல ஆணுக்கு அக்குள்ல வெள்ளைத் திட்டு இருக்கும்.