வெள்ளாமைக் கேள்வி பதில்

கேள்வி: வழமையாக பி.ஜி. 94-1 நெல் இனத்தை விதைக்கிறோம். இந்தப் போகம் பி.ஜி. 352, ஏ.ரி. 362, பி.ஜி. 300 மூன்றையும் ஒரே வரவையில் (வரம்பு கட்டிய வயலில்) இனத்துக்கொரு துண்டாக விதைத்துப் பார்த்தால், எங்கள் வட்டைக்கு (வயல்வெளிக்கு) எது தோது என்று தெரிந்துவிடுமா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: தெரியாது. வாய்க்கால் பக்கத்துத் துண்டில் விழுந்த இனம் வெல்லும். நெல் வென்றதா, மண் வென்றதா என்று பிரிக்க முடியாது.

முதலில் பி.ஜி. 300ஐ விட்டுவிடுங்கள். அது 3 மாத நெல், மற்றவை மூன்றரை மாதம். முந்திப் பறியும் கதிரில்தான் சுற்றியுள்ள குருவியும் மூட்டுப்பூச்சியும் இறங்கும். பசளை போடும் நாளும் ஒத்துவராது.

வரவையைத் தலைப்பிலிருந்து கடைவரை 3 பகுதியாக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு புது இனத்தோடு 94-1ஐயும் விதையுங்கள். எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். பாத்தி 6 மீற்றருக்கு 5 மீற்றர். ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பும், வாய்க்காலிலிருந்து தனி வக்கடையும் (தண்ணீர் பாயும் வாயும்) வேண்டும். மேல்பாத்தித் தண்ணீர் கீழே இறங்கினால் யூரியாவும் இறங்கும். பலருடைய சோதனை கெடுவது இங்கேதான். பன்றி நெல் (களைநெல்) மண்டிய வரவையில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

ஏக்கருக்கு 2 புசல் (ஒரு புசல் சுமார் 21 கிலோ) கணக்கில் பாத்திக்கு 300 கிராம் விதை. அதற்கு முன் 100 நெல்லை ஈரத்துணியில் முளைக்க வையுங்கள். 85க்குக் குறைந்தால் அதற்கேற்ப விதையைக் கூட்டாவிட்டால், பயிர் ஐதானதற்கு இனத்தைக் குற்றம் சொல்வீர்கள்.

அறுவடைக்கு மெஷின் இறக்காதீர்கள், கலந்துவிடும். ஓரப் பயிர் எப்போதும் கொழுத்திருக்கும். சுற்றிவர அரை மீற்றர் விட்டு நடுவில் 5க்கு 4 மீற்றரைக் கையால் வெட்டி, ஈரப்பதன் 14 சதவீதம் வரும்வரை காயவைத்து நிறுங்கள். 20 சதவீத ஈரத்தில் 10 கிலோ நிற்பது, காய்ந்தால் 9.3 கிலோதான். காய்ந்த நிறையை 202ஆல் பெருக்கினால் ஏக்கருக்குக் கிலோ. அதை 21ஆல் வகுத்தால் புசல். 10 கிலோ என்றால் சுமார் 96 புசல்.

ஒரே இனத்தின் 3 பாத்திகளுக்கிடையே உள்ள வித்தியாசம், இனத்துக்கு இனம் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால் எதுவும் வெல்லவில்லை என்று அர்த்தம். சிறுபோக வெயிலில் நன்றாக விளைந்தது மாரி மழையில் சாயலாம். இரண்டு போகமும் பார்த்தபிறகே விதைநெல்லை மாற்றுங்கள்.

கேள்வி: இந்தியாவில் வந்திருக்கும் புதிய கோதுமை இனங்களை இங்கே சோதிக்கலாமா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: வேண்டாம். மட்டக்களப்பில் மார்கழி இரவுகூடக் கோதுமைக்குப் போதிய குளிரில்லை. மட்டம் (பக்கத் தண்டு) வெடிக்குமுன் கதிர் தள்ளி, மணி சூம்பிப்போகும். மாரித் தண்ணீர் தேங்கினால் வேரும் அழுகும். மேட்டு நிலமென்றால் கச்சானோ சோளமோ போடுங்கள்.