மகள் நீர் ஆராய்ச்சி படிக்கட்டும், ஐயா

மகளுக்கு வைத்தியத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை, இப்போது விவசாய பீடத்துக்குப் போய் நீர்ப்பாசன ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள், "நான் வயலில் கஷ்டப்பட்டது போதாதா, படித்தும் அவள் வயலுக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். இது வைத்தியம் கிடைக்காதவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளும் படிப்பு இல்லை. நீங்கள் வெல்லாவெளிப் பக்கம் நெல் செய்பவர். தண்ணீரின் அருமையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சிறுபோக ஆரம்பக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். குளத்தில் நிற்கும் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்த வட்டைக்கு, அதாவது எந்த வயல் தொகுதிக்கு, எப்போது நீர் விடுவது என்பதில்தான் அத்தனை வாக்குவாதமும். அதற்கு அளந்து பதில் சொல்வதுதான் மகள் விரும்பும் வேலை. மண்ணை எடுத்து நிறுத்து, 105 பாகை செல்சியஸில் ஒரு நாள் உலர்த்தி, திரும்ப நிறுத்து, அதில் எவ்வளவு ஈரம் இருந்தது என்று காண்பார்கள். வெயில், காற்று, ஈரப்பதன் எல்லாம் பதிந்து, பயிருக்கு நாளொன்றுக்கு எத்தனை மில்லிமீற்றர் நீர் வேண்டும் என்று கணக்கிடுவார்கள். நெல் வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, நீர்மட்டம் நிலத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கிய பிறகே திரும்பப் பாய்ச்சும் முறையும் இப்படியான ஆராய்ச்சியில் வந்ததுதான். பூக்கும் காலத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. களுதாவளைப் பக்கத்து மணல் நிலத்தில் கேள்வியே வேறு: அங்கே கிணற்று நீரை அதிகம் இறைத்தால், போட்ட பசளையும் நீரோடு கீழே இறங்கிவிடும்.

கருவி மட்டும் போதாது, ஐயா. அம்பாறையில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் தாராளமாகவும் கடைசி வயல்களுக்குத் தட்டுப்பாடாகவும் இருந்தது. 1981இல் கொழும்பின் கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களை அங்கே அனுப்பின. அவர்கள் விவசாயிகளோடு தங்கி, வாய்க்கால் வாய்க்காலாகக் குழு அமைத்து, முறை வைத்துப் பாய்ச்ச உதவினார்கள். நீர் முகாமைத்துவம் படிப்பவர்கள் இன்றும் பேசும் உதாரணம் அது. அந்த வேலைக்குத் தமிழும் சிங்களமும் இரண்டும் வேண்டும். மகள் இப்போதே சிங்களம் பேசப் பழகட்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். உயிரியல் பிரிவில் சித்தியடைந்தவர்களுக்கு வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. நான்கு வருடம், ஆங்கில மொழிமூலம். பேராதனையிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். முதல் வருடத்தில் ஆங்கிலமும் புள்ளிவிபரவியலும்தான் எங்கள் பிள்ளைகளை அழவைக்கும். பெறுபேறு வந்ததற்கும் அனுமதிக்கும் இடையில் கிடைக்கும் மாதங்களை அதற்குக் கொடுங்கள். ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் கிராப்வாட் என்ற பயிர்நீர்க் கணிப்பு மென்பொருள் இலவசம். வரைபட வேலைக்கு கியூஜிஐஎஸ், அதுவும் இலவசம். வீட்டுக் கணினியிலேயே தொடங்கலாம்.

வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கிய உடனே அரச நியமனம் வரும் என்று எண்ண வேண்டாம். விவசாயத் திணைக்களத்தில் ஆராய்ச்சி உத்தியோகத்தராகப் போட்டிப் பரீட்சை எழுத வேண்டும், வெற்றிடங்களும் எப்போதாவதுதான் வரும். ஆராய்ச்சியில் நிலைக்க முதுமாணியாவது வேண்டும். வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நல்ல வகுப்புச் சித்தியும், இறுதி வருட ஆய்வைச் சொந்தமாகச் செய்திருப்பதும் உதவும். பத்தரமுல்லையில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகமே இருக்கிறது.

பெண் பிள்ளை வெயிலில் நிற்பதா என்ற உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. களத்தில் நிற்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் விவசாய பீடங்களில் படிப்பவர்களில் பெண் பிள்ளைகள் நிறையப் பேர். களவேலைக்குக் குழுவாகப் போவார்கள், மிச்ச நேரம் ஆய்வுகூடத்திலும் கணினியிலும்தான்.

வைத்தியத்துக்காக இன்னொரு முறை பரீட்சை எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவளாகக் கேட்டால் வேறு கதை. அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்கு அவளையும் கூட்டிப் போய், வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையிடமும் நீர்ப்பாசனப் பொறியியலாளரிடமும் கேட்க நினைப்பதையெல்லாம் கேட்கவிடுங்கள். அப்புறம் பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தில் விருப்ப வரிசையை அவளே எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து அனுமதிக் கைநூலில் உள்ள பாட நிபந்தனைகளைச் சரிபாருங்கள்.