தேன் மது டேங்குக்கு 43,200 ரூபாய் ஜி.எஸ்.டி. கட்டலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் தென்னந்தோப்பில் 30 அடுக்குத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் வீட்டிலேயே தேனைப் புளிக்கவைத்து ‘மீட்’ என்னும் தேன் மது செய்கிறான். வரி ஏதும் கட்டுவதில்லையாம். போன முறை ஊருக்கு வந்தபோது எனக்கும் செய்முறை சொல்லிக்கொடுத்தான். கூம்பு அடி, கூலிங் ஜாக்கெட் வைத்த 200 லிட்டர் எஸ்.எஸ். டேங்க் என் பல நாள் கனவு. கொட்டேஷன் 2,40,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. மட்டும் 43,200 ரூபாய். தேனுக்கும் வரி, டேங்குக்கும் வரி என்றால் சிறிய ஆள் எப்படித் தலையெடுப்பது? வரியைக் குறைக்க வழி இருக்கிறதா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் கொடுக்கவில்லை என்றால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வரிக்கு முன்னால் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது.

உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். விற்பதற்கா, வீட்டில் குடிப்பதற்கா என்று சட்டம் பார்ப்பதில்லை. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அது முதலில் சேலத்தில் வந்தது. 1939லேயே நம் வட ஆற்காட்டுக்கும் வந்துவிட்டது. 2024ல் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்கள் போன பிறகு தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள். வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு வட்டார மலைப்பகுதியில் சாராய ஊறல் அழித்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். உங்கள் தோப்பில் 200 லிட்டர் தேன் கரைசல் நுரைத்துக்கொண்டிருந்தால், உள்ளே இருப்பது வெல்லமா, சுத்தமான தேனா என்று சோதனைக்கு வருபவர்கள் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

உங்கள் அக்கா மகன் சொன்னது பொய்யில்லை. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் தேன் மது ஒயின் வகையில் சேரும். வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு 100 காலன், அதாவது சுமார் 378 லிட்டர் வரை, வீட்டு உபயோகத்துக்கு வரியில்லாமல் செய்துகொள்ளலாம். இருவர் இருக்கும் வீட்டுக்கு 200 காலன். ஆனால் ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது. விற்க வேண்டுமென்றால் அங்கேயும் உரிமம், வரி எல்லாம் உண்டு. நம் நாட்டில் மது மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் உரிமம் வாங்கி, புனேயில் மூன்ஷைன் மீடரி என்ற நிறுவனம் தேன் மது தயாரித்து விற்கிறது. இங்கே 30 பெட்டி வைத்திருப்பவருக்கு அந்தப் பாதை நடைமுறையில் இல்லை. ‘அப்படியானால் தேன் வினிகர் போடலாமே’ என்றும் தோன்றும். வினிகரும் முதலில் மதுவாகித்தான் வினிகராகிறது. மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையிடம் எழுத்தில் பதில் வாங்காமல் அதில் இறங்காதீர்கள்.

இனி வரி. உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வலி நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. குடிக்கும் மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கிறது. அதனால் உரிமம் உள்ள தேன் மது தயாரிப்பாளர்கூட டேங்க், பாட்டில், ஈஸ்ட் என்று வாங்கியவற்றுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்க முடியாது. அது விலையிலேயே தங்கிவிடும். அதற்கு மேல் மாநில வரி வேறு. பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய தேனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதற்கு 5 சதவீதம் வரி. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்திருந்தால் டேங்குக்குக் கட்டிய 18 சதவீதத்தை அந்த 5 சதவீதத்தில் கழித்துக்கொண்டே வரலாம். தேனைச் சில்லறையாக, வாங்குபவர் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தால் வரியே இல்லை. ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவும் கட்டாயமில்லை. ஆனால் சித்தூர், பெங்களூர் என்று எல்லை தாண்டி விற்றால் பதிவு வேண்டும். குடியாத்தத்திலிருந்து ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கருவிகளுக்கும் ஒரே வரி இல்லை. தேனீ வளர்ப்பு இயந்திரங்களுக்கு 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகியிருக்கிறது. எஸ்.எஸ். பால் கேனுக்கும் 5தான். நீங்கள் கேட்ட டேங்குக்குத்தான் 18. தேன் எடுக்கும் இயந்திரத்துக்குக் கடைக்காரர் 18 போட்டுப் பில் கொடுத்தால், தேனீ வளர்ப்பு இயந்திரம் என்ற பிரிவு எண் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

உங்களிடம் இருக்கும் பணத்தில் முதலில் எதை வாங்குவது என்று கேட்டால், சுமார் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், தேனில் உள்ள நீரின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் என்பேன். தேனை மதுவாக்குவது எதுவோ, அதுவேதான் உங்கள் பாட்டில் தேனையும் கெடுக்கிறது: ஈரம். தேனில் நீர் 17 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதிலுள்ள ஈஸ்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது. 20ஐத் தாண்டினால் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரைக்கும், புளித்த வாடை வரும். உணவுப் பாதுகாப்புத் தரத்திலும் 20தான் உச்சவரம்பு. நம் அடுக்குத் தேனீயின் தேன் பல சமயம் அதையும் தாண்டித்தான் கூட்டிலிருந்து வருகிறது. மழை மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

கருவி வாங்கும்போது அளவுகோலைப் பாருங்கள். கரும்புச் சாற்றுக்கு விற்கும் 0–32 பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) கருவி தேனுக்கு உதவாது, 58–90 வேண்டும். நீர் சதவீதம் தனிக் கோடாக இருக்கட்டும், வெப்பத்துக்குத் தானே சரிசெய்துகொள்ளும் ஏ.டி.சி. வகையாக இருக்கட்டும். கண்ணாடியின் மேல் ஒரு சொட்டு விட்டு, குமிழி இல்லாமல் மூடியை அமர்த்துங்கள். அரை நிமிடம் விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு தெரியும். அந்தக் கோடு நிற்கும் எண்தான் கணக்கு. மே மாத வேலூர் வெயிலில் தோப்பில் நின்று பார்க்காதீர்கள், வீட்டுக்குள் பாருங்கள்.

பெட்டிக்குள் இருக்கும் தேன் அடைச் சட்டத்தில் முக்கால்வாசி அறைகள் மெழுகால் மூடிய பிறகே எடுங்கள். இது பைசா செலவில்லாத வேலை. ஆனால் அவசரத்தில் பலர் விடுவதும் இதைத்தான். அப்படியும் ஈரம் அதிகமென்றால், ஒரு சின்ன அறையை அடைத்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரும் ஃபேனும் வைத்து, சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கி ஈரத்தை இறக்கிய பிறகு தேன் எடுங்கள். கூலிங் ஜாக்கெட்டுக்குத் தர இருந்த பணத்தில் சிறு பங்கு போதும். அடுப்பில் நேரடியாக வைத்து வற்றவைக்க வேண்டாம்; சூட்டில் உருவாகும் எச்.எம்.எஃப். என்ற பொருளின் அளவு ஏறும், நொதிகள் சாகும், மணமும் போகும்.

டேங்க் ஆசையை முழுதாக விட வேண்டாம். தெளியவைக்கவும் பாட்டிலில் அடைக்கவும் ஒரு டேங்க் வேண்டும்தான். ஆனால் அதற்குக் கூம்பும் வேண்டாம், ஜாக்கெட்டும் வேண்டாம். பி.எச்.இ.எல். சார்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் ராணிப்பேட்டையில் இருக்கின்றன. 304 தர எஸ்.எஸ். தகட்டில், டிக் வெல்டிங்கில், சாய்ந்த அடியோடு எளிய டேங்க் கேளுங்கள். வாங்குமுன் உள்ளே கையை விட்டு வெல்டிங் தையலைத் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் அங்கே தேன் தங்கும், கழுவினாலும் போகாது. திருப்பித் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். குழாய்க்குச் சாதாரண பந்து வால்வு (ball valve) வேண்டாம். தேனுக்கென்றே இருக்கும் அகலவாய் வால்வு போடுங்கள்.

மானியத்துக்கு, குறு உணவுத் தொழில்களுக்காக 2020ல் வந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் வங்கிக் கடனோடு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் என்று வைத்தார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று வேலூரில் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஒருமுறை பேசுங்கள். போகும்போது கோடையில் எடுத்த தேனில் ஒரு பாட்டில், மழைக்குப் பின் எடுத்ததில் ஒரு பாட்டில், எடுத்த தேதியை எழுதி ஒட்டிக் கொண்டுபோங்கள்.