தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் கிடைத்த முதுமக்கள் தாழி நெல்லுக்கு 3200 வயது என்று எப்படிச் சொல்கிறார்கள்? அதில் எஞ்சியிருக்கும் கார்பன்-14-ஐ அளந்துதான்.

கார்பன்-14 என்பது கதிரியக்க ஐசோடோப்பு: வழக்கமான கார்பனைவிட 2 நியூட்ரான் அதிகம், அதனால் நிலையில்லாதது. காற்றில் லட்சம் கோடி கார்பன் அணுக்களில் ஏறக்குறைய ஒன்றுதான் இது. பயிர் உயிரோடிருக்கும்வரை காற்றிலிருந்து புதிதாக எடுத்துக்கொண்டே இருக்கும். அறுத்ததும் வரத்து நின்றுவிடும். பிறகு 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும்.

தாமிரபரணிக் கால்வாயை அடைத்தபின் குளத்து மடையைத் திறந்துவிட்டதுபோல. நீர் குறையக் குறைய மடைப் பாய்ச்சலும் தளரும். சிவகளை நெல்லில் எஞ்சியிருக்கும் கார்பன்-14 மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். அதை வைத்து ஆய்வகம் தந்த காலம் கி.மு. 1155.

கணக்கு கெடுவது பெரும்பாலும் மாதிரி எடுக்கும்போதுதான். 1 சதவீதம் புதுக் கார்பன் கலந்தாலே இந்த நெல்லின் வயது 40 ஆண்டுபோலக் குறைந்து தெரியும். எனவே வெறுங்கை, பஞ்சு, காகிதம் எதுவும் படக்கூடாது. அலுமினியத் தாளில் பொதிய வேண்டும். ஆய்வகத்தில் அமிலத்தால் சுண்ணாம்பையும், காரத்தால் மண்மக்கையும் கழுவி நீக்குவார்கள்.

ஆய்விதழ்களில் ஒரு வேடிக்கை: கச்சா வயதை (திருத்தம் செய்யாத வயதை) இன்றும் பாதியாக 5568 ஆண்டு ஆகும் என்ற பழைய கணக்கில்தான் அச்சிடுகிறார்கள், முந்தைய முடிவுகளோடு ஒப்பிட வசதியாக. மர வளையங்களைக்கொண்டு வரைந்த திருத்தக் கோடு (கடைசியாக 2020-இல் வெளியானது) அதை நாட்காட்டி ஆண்டாக்கும்.

தாழியின் வயதையே அளந்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அளந்தது உள்ளேயிருந்த நெல்லை, சுட்ட மண்ணை அல்ல.