கைக்குத் தெரிய வேண்டும் காசு

(நாணயப் பெட்டி: வாசகர் கேள்வி பதில். வங்கிக் காசாளராகப் பணி ஓய்வு பெற்ற நாணய சேகரிப்பாளர் பதில் அளிக்கிறார்.)

என் அண்ணனுக்குப் பார்வை கிடையாது. பேருந்து நிலையம் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். நோட்டுகளை நீளம் பார்த்துச் சமாளித்துவிடுகிறார். ஒரு ரூபாய்க் காசுக்கும் இரண்டு ரூபாய்க் காசுக்கும்தான் தினமும் தடுமாற்றம். பழக்கம் போதவில்லையா, காசிலேயே குறையா?
– ஒரு சகோதரி, கரூர்

உங்கள் அண்ணனிடம் ஒரு குறையும் இல்லையம்மா. குறை காசில்தான்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். 1992-இலிருந்து 2011 வரை புழக்கத்துக்கு வந்த எவர்சில்வர் ஒரு ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் வரத் தொடங்கிய, ரூபாய்க் குறி போட்ட இரண்டு ரூபாயை அதன்மேல் வையுங்கள். ஓரத்தோடு ஓரம் ஒட்டி உட்காரும். இரண்டுக்கும் விட்டம் 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம், உலோகமும் ஒன்றே. மதிப்பு மட்டும் இரண்டு மடங்கு. கண்ணுள்ளவர்களே அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடும்போது, விரலை மட்டும் நம்பித் தொழில் செய்பவர் என்ன செய்வார்? கதை இதோடும் முடியவில்லை. 2019 வரிசையில் வந்த ஐந்து ரூபாயும் 25 மில்லிமீட்டர்தான். அது பித்தளை நிறம், எடையும் 6.74 கிராம் என்பதால் கொஞ்சம் தப்பித்தோம். ஆக, ஒரே அளவு வட்டம் நம் நாட்டில் ஒரு ரூபாயாகவும் இரண்டு ரூபாயாகவும் ஐந்து ரூபாயாகவும் இருந்திருக்கிறது. மூன்றும் இன்றைக்கும் செல்லும். ஒரே கல்லாவில் கிடக்கும்.

நம் நாட்டுக்கு இது தெரியாத வித்தை இல்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். பழைய அலுமினியக் காசுகளை நினைத்துப் பாருங்கள். ஐந்து பைசா சதுரம். மூன்று பைசா அறுகோணம். பத்து பைசாவுக்கு அலை அலையான விளிம்பு. சட்டைப் பைக்குள் கையை விட்டாலே எது எதுவென்று தெரிந்துவிடும். 2004 வரை வந்த இரண்டு ரூபாய்க்கும் 11 பக்கங்கள் இருந்தன. அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வட்டமாக்கினார்கள். அன்றைக்கு எங்கள் கவுன்டரில் தொடங்கிய குழப்பம் நான் ஓய்வு பெறும்வரை தீரவில்லை.

2019 மார்ச்சில் பிரதமர் வெளியிட்ட புதிய வரிசை பார்வையற்றவர்களை மனத்தில் வைத்தே செய்தது. மதிப்பு கூடக் கூட அளவும் எடையும் கூடும். ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர், இரண்டு ரூபாய் 23. இருபது ரூபாய்க்கு 12 பக்கங்கள், விளிம்பில் பல் கிடையாது. ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பங்கு இதில் உண்டு. நல்ல வேலை, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பழைய 25 மில்லிமீட்டர் ஒரு ரூபாயைத் திரும்பப் பெறாதவரை இந்த வரிசையால் பாதிப் பயன்தான். அதைத் திரும்பப் பெறுங்கள் என்பதே என் கோரிக்கை. சேகரிப்பாளர்கள் எல்லாரும் சேர்ந்து எழுப்ப வேண்டிய கோரிக்கையும் அதுதான்.

அதுவரை ஒரு யோசனை. வாரம் ஒருமுறை கண் தெரிந்த ஒருவர் கல்லாவில் சேர்ந்த பெரிய ஒரு ரூபாய்களைப் பொறுக்கி வங்கியில் கட்டிவிடட்டும். அண்ணனிடம் சின்ன ஒரு ரூபாய் மட்டும் இருந்தால், கொடுக்கும் சில்லறையிலாவது தவறாது.

பயணிகளிடம் பத்து ரூபாய்க் காசை மீதியாகக் கொடுத்தால் வாங்க மறுக்கிறார்கள். "பதினைஞ்சு கோடு போட்டது செல்லாது, பத்துக் கோடு போட்டதுதான் நல்லது" என்கிறார்கள். உண்மையா?
– தனியார் பேருந்து நடத்துநர், நாமக்கல்

உண்மை இல்லை. இரண்டும் நல்ல காசு. ரூபாய்க் குறி வருவதற்கு முன் அடித்த பத்து ரூபாயில் 15 கோடுகள். குறி சேர்த்த பிறகு வந்ததில் 10. வித்தியாசம் அவ்வளவே. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது. அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய்க் காசுகள் வந்துள்ளன, அத்தனையும் செல்லும் என்று சொன்னது. அந்த அறிக்கையை அச்செடுத்துப் பேருந்தில் ஒட்டிவையுங்கள்.

வதந்தியைக் கிளப்பியவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதே நேரம், வாங்க மறுக்கும் பாட்டியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நோட்டு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பத்து ரூபாய்க் காசு எப்படி இருக்கும் என்று கேட்டால், பதினான்கு பதில் சொல்ல வேண்டிய நிலை. ஒன்றில் கோடுகள், ஒன்றில் ஒரு தலைவர், இன்னொன்றில் ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழா. இரண்டு உலோகம் சேர்த்து அடித்த, பார்க்கவே புதிதான ஒரு காசு அப்போதுதான் வந்திருக்கிறது. அது மக்கள் மனத்தில் பதிவதற்குள் முகத்தை மாற்றிக்கொண்டே போனால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? புதிய மதிப்பில் ஒரு காசு வந்தால் முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒரே வடிவம்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. "வெரைட்டி போய்விடுமே" என்று சேகரிப்பாள நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். போகட்டும். என் ஆல்பத்தில் பத்து அறை காலியாக இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. நடத்துநருக்கும் பயணிக்கும் தினமும் வாய்த்தகராறு நடந்தால் அது நஷ்டம்.

கட்டை விரல் காட்டும் ஒரு ரூபாய், சிலுவை போட்ட இரண்டு ரூபாய். இவை ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்காமல் போயின?
– கல்லூரி மாணவர், மதுரை

இரண்டையும் நான் ஒன்றாகச் சேர்க்க மாட்டேன்.

2004-05-இல் வந்தது "வேற்றுமையில் ஒற்றுமை" வரிசை. ஒரே உடலைப் பகிர்ந்துகொள்ளும் நான்கு தலைகள் என்பது அதற்கான விளக்கம். குறுக்கே இரண்டு கோடு, நான்கு மூலையிலும் நான்கு புள்ளி. பார்த்தவர்கள் சிலுவை என்றார்கள், எதிர்ப்பு வந்தது. சமயச் சண்டைக்குள் நான் போகவில்லை. வடிவமைப்பாகப் பார்த்தாலே அது தோல்விதான். விளக்கம் படித்தால்தான் புரியும் படம் காசுக்கு ஆகாது. காசோடு விளக்கத்தாள் வருவதில்லை.

2007-இல் வந்த கை முத்திரை வரிசை வேறு. ஐம்பது பைசாவில் மூடிய கை, ஒரு ரூபாயில் ஒரு விரல், இரண்டு ரூபாயில் இரண்டு விரல். எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரலை எண்ணி மதிப்பைச் சொல்லிவிடலாம். பரதநாட்டிய முத்திரையிலிருந்து பிறந்த எண்ணம் அது. எனக்குப் பிடித்த யோசனை. கெடுத்தது இரண்டு விஷயம். எஃகு கடினமான உலோகம், அதில் அச்சு ஆழமாக இறங்காது. கொஞ்ச நாள் புழங்கியதும் விரல்கள் மங்கி வெறும் கோடாகிவிட்டன. பெரிய எண்ணுக்கும் விரலுக்கும் நடுவே வெற்றிடம் அதிகம் என்பதால் காசு முடிக்காமல் விட்ட வேலை போலத் தெரிந்தது. அதே படத்தை நல்ல சிற்பி ஒருவர், பழைய செம்பு-நிக்கலில் செதுக்கியிருந்தால் இன்று எல்லாரும் கொண்டாடியிருப்பார்கள்.

உங்களுக்கு மிகவும் பிடித்த இந்தியக் காசு எது?
– இல்லத்தரசி, கும்பகோணம்

காண்டாமிருகம் போட்ட நாலணா. 1988-இல் வரத் தொடங்கிய எவர்சில்வர் 25 பைசா. உங்கள் அஞ்சறைப் பெட்டியில்கூட ஒன்று இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

கிடைத்தால் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். முழுக் காசே 19 மில்லிமீட்டர். அதற்குள் ஒரு முழு மிருகம் நிற்கிறது. தோள்பட்டையிலும் தொடையிலும் தோல் மடிந்து கவசத் தகடாகத் தொங்குவதைச் சில கோடுகளில் காட்டியிருக்கிறார்கள். கனத்த உடம்பின் பாரம் குட்டைக் கால்களில் இறங்குவதும் தெரியும். கொம்பு மேல்நோக்கி வளைந்திருக்கிறது. இதைச் செதுக்கியவர் அந்த மிருகத்தின் உடம்பைப் புரிந்துகொண்டு செதுக்கியிருக்கிறார். அவர் பெயர் காசில் இல்லை. பிரிட்டிஷ் காசுகளில் கலைஞரின் முதலெழுத்துகள் பொடியாக இருக்கும். நம் காசில் அந்த மரியாதை கிடையாது. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

2011 ஜூன் 30-ஓடு நாலணா செல்லாமல் போய்விட்டது. காண்டாமிருகத்தை வேறொரு காசுக்காவது மாற்றியிருக்கலாம்.

இரண்டாவதாகச் சொல்வதென்றால் 1950 ஆகஸ்ட் 15-இல் வெளிவந்த குடியரசின் முதல் ரூபாய். மன்னர் தலை இருந்த இடத்தில் அசோகச் சிங்கம், புலி இருந்த இடத்தில் தானியக் கதிர். ஆட்சி மாறிவிட்டது என்பதை ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொரு குடிசைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் காசு.

இலங்கை, சிங்கப்பூர் காசுகளில் தமிழ் இருக்கிறது. நம் காசில் ஏன் இல்லை?
– ஆசிரியர், தஞ்சாவூர்

நியாயமான கேள்வி. நோட்டில் மொழிப் பட்டியல் உண்டு. அன்றாடக் காசில் இந்தியும் ஆங்கிலமும் மட்டும். ஆனால் தமிழ் நம் காசுக்குப் புதிதல்ல. 1807-08 வாக்கில் சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த, "பணம்" என்ற பெயர் கொண்ட காசுகளில் தமிழும் தெலுங்கும் இருந்தன. சென்னையின் தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் தந்தது அங்கே இருந்த நாணயச் சாலைதான். 2009-இல் அண்ணா நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாயில் அவருடைய கையெழுத்து தமிழிலேயே இருக்கிறது. 2024-இல் கலைஞர் நூற்றாண்டுக்கு வந்த நூறு ரூபாய் நாணயத்தில் "தமிழ் வெல்லும்" என்ற வரி.

இவற்றுள் அண்ணா காசுதான் எனக்கு நெருக்கம். காரணம், அது டீக்கடைக்கு வந்தது. உங்கள் ஊரில் 1995-இல் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசும் அப்படித்தான், பேருந்துச் சில்லறையில் கிடைத்தது. நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நினைவு நாணயங்கள் பெட்டிக்குள் பிறந்து பெட்டிக்குள்ளேயே இருப்பவை. முகமதிப்பைவிட அதிக விலை கொடுத்து என்னைப் போன்றவர்கள் வாங்கிப் பூட்டி வைக்கிறோம். ஒருவரை மக்கள் நினைக்க வேண்டும் என்றால் மக்கள் கைக்குப் போகும் காசில் போடுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலைக் காசில் போட்டது சரியா?
– வாசகர், சேலம்

சரி. 2010-இல் கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்தது. இந்தக் காசையும் வைஷ்ணவ தேவி காசையும் எதிர்த்து வழக்கு நடந்தது, டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் அதைத் தள்ளிவிட்டது. ஐந்து ரூபாய்க்குள் அவ்வளவு பெரிய விமானத்தை அடக்கியதில்தான் எனக்குக் குறை. ஒரே ஒரு நந்தியைப் போட்டிருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும்.

காசில் என்ன படம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களைக் கேட்பார்களா?
– நாணயச் சங்க உறுப்பினர், கோவை

2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி முடிவு மத்திய அரசுடையது. ரிசர்வ் வங்கிக்கு விநியோகம் மட்டும்தான் வேலை. பலர் இதை மாற்றிப் புரிந்துகொண்டு ரிசர்வ் வங்கிக்கு மனு எழுதுகிறார்கள்; நிதி அமைச்சகத்துக்கு எழுதுங்கள்.

அமெரிக்காவில் 2003 முதல் 11 பேர் கொண்ட குடிமக்கள் நாணய ஆலோசனைக் குழு இருக்கிறது. அயர்லாந்து 1926-இல் கவிஞர் யேட்ஸ் தலைமையில் குழு அமைத்தது. 1928-இல் வெளிவந்த அந்தக் காசுகளில் அரசரும் இல்லை, தலைவரும் இல்லை. குதிரை, மீன், காளை, முயல், குஞ்சுகளோடு கோழி, குட்டிகளோடு பன்றி. செதுக்கியவர் பெர்சி மெட்கால்ஃப் என்ற ஆங்கிலேயர். நம்மாலும் முடியும். ரூபாய்க் குறிக்கு அரசு திறந்த போட்டி வைத்தது. 2010-இல் தேர்வானது நம் தமிழ்நாட்டுக்காரர் உதயகுமார் வரைந்தது. குறிக்குச் செய்ததைக் காசுக்கும் செய்யலாம்.

குழு அமைத்தால் அதில் சேகரிப்பாளருக்கு ஓர் இடம் கேளுங்கள். கேட்கும்போதே பார்வையற்றோருக்கு இரண்டு இடமும், நடத்துநருக்கும் காய்கறிக் கடைக்காரருக்கும் ஓர் இடமும் சேர்த்துக் கேளுங்கள். மாதிரிக் காசை மேசையில் வைத்துப் பார்ப்பது நம் பழக்கம். அவர்கள் அதைக் கையில் வாங்கி, இருட்டிலும் ஈரக் கையோடும் எண்ணிப் பார்த்துச் சொல்வார்கள்.

மகளுக்கு எட்டு வயது. காசு சேர்க்க ஆசைப்படுகிறாள். எதிலிருந்து தொடங்குவது?
– தந்தை, தூத்துக்குடி

கடையில் விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். வீட்டுச் சில்லறையிலிருந்தே தொடங்கட்டும். இரண்டு ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, 11 பக்கம் உள்ளது, சிலுவை, இரண்டு விரல், ரூபாய்க் குறி, 2019 வரிசை என்று அடுக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்குக் கீழே உள்ள அடையாளத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்கட்டும்: வைர வடிவம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லை என்றால் கொல்கத்தா. எது பிடித்தது, ஏன் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். புளி போட்டு மட்டும் தேய்க்க வேண்டாம். காசு பளபளக்கும், மதிப்பு போய்விடும்.