அலிபி என்றால் என்ன? அது வெறும் சாக்கா?

சாக்கு இல்லை. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ‘வேறிடத்தில்’ என்று பொருள். “அடித்தேன், ஆனால் தற்காப்புக்காக” என்பது அலிபி ஆகாது. “நான் அங்கே இருக்கவே இல்லை” என்பதுதான் அலிபி.

சிங்கப்பூரின் ஜூரோங்கில் இரவு 9 மணிக்கு அடிதடி. அதே 9 மணிக்கு நீங்கள் தேக்கா காப்பிக்கடையில் கேமராவில் தெரிகிறீர்கள் என்றால் அது வலுவான அலிபி. 7 மணிக்குத் தெரிந்தால்? எம்ஆர்டி ரயில் பிடித்துப் போயிருக்கலாமே!

சிங்கப்பூரில் பலர் கோட்டைவிடுவது ஒன்று உண்டு: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 278ஆம் பிரிவுப்படி அலிபியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எங்கே இருந்தீர்கள், சாட்சி யார் என்ற விவரமும் வேண்டும். இல்லாவிட்டால், நீதிமன்றம் அனுமதித்தால்தான் அந்த ஆதாரத்தைக் காட்ட முடியும். அதனால் வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கேமராப் பதிவு காத்திருக்காது, அழிந்துவிடும்.