இரண்டு அலுவலகங்களிலும் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்தும் இடையிலுள்ள விபிஎன் மெதுவாக இருப்பது ஏன்?

இரு கிளைகளிலும் வேகச் சோதனை சரியாக வருகிறது, ஆனால் விபிஎன் (இணையத்தின் ஊடே இரு அலுவலகங்களை இணைக்கும் தனிப் பாதை) வழியாகக் கோப்புகளை நகலெடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது, எனவே 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு மாறாதீர்கள். திருப்பூரிலுள்ள ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கும் அதன் சென்னை அலுவலகத்துக்கும் இடையே நான் அமைத்துக்கொடுத்த ஐபிசெக் என்ற குறியாக்க வகை விபிஎன் இணைப்பில் இதே கோளாறு வந்தது. அதிகப் பணம் கட்டி வேகத்தைக் கூட்டிய பிறகும் அது தீரவில்லை.

வேகச் சோதனைத் தளம் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஏதோ ஒரு சர்வருடன்தான் பேசுகிறது. உங்கள் இரு கிளைகளுக்கு இடையிலான பாதையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆகவே இரு முனைகளிலும் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளை நிறுவி, டனலுக்கு (விபிஎன் அமைக்கும் பாதைக்கு) வெளியே ஒரு முறையும் உள்ளே ஒரு முறையும், இரண்டு திசைகளிலும் அளந்துகொள்ளுங்கள். ஒரு கிளையின் பதிவிறக்கம் என்பது மறு கிளையின் பதிவேற்றம் என்பதால், ஒவ்வொரு திசையிலும் அனுப்பும் கிளையின் பதிவேற்ற வேகமே பொதுவாக உங்கள் உச்சவரம்பு. எங்களுக்கு வெளியே 30 எம்பிபிஎஸ் கிடைத்தது. உள்ளேயோ நின்று நின்று ஓடி, சராசரியாக 2 எம்பிபிஎஸ்ஸைக்கூடத் தாண்டவில்லை. இத்தனை வித்தியாசம் இருந்தால் கோளாறு இணைய இணைப்பில் இல்லை, டனலில் இருக்கிறது.

எங்கள் விஷயத்தில் காரணம் பாக்கெட்டின், அதாவது தரவைப் பிரித்து அனுப்பும் சிறு பொட்டலத்தின், அளவு. சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) இணைப்பு அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்ள 1492 மிஞ்சும். அதன்மேல் ஐபிசெக் தன் தலைப்புகளையும் (பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் முகவரி போன்ற குறிப்புகளையும்) சேர்க்கும்போது உங்கள் தரவுக்குக் கிடைக்கும் இடம் இன்னும் சுருங்கிவிடுகிறது. அளவு மீறிய பாக்கெட்டைக் கைவிடும் ரவுட்டர், ‘சிறிதாக்கி அனுப்பு’ என்று ஐசிஎம்பி (நெட்வொர்க் கோளாறுகளை அறிவிக்கும் முறை) செய்தி மூலம் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பு என்று கருதி ஃபயர்வாலில் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) தவிர மற்ற ஐசிஎம்பி முழுவதையும் யாரோ அடைத்து வைத்திருந்ததால் அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை. அனுப்பும் கணினி அதே பெரிய பாக்கெட்டை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. சிறிய பாக்கெட்டுகள் தடையின்றிப் போவதால் சாதாரண பிங் ஒழுங்காக வரும். பல நாட்கள் நம்மை ஏமாற்றுவது அதுதான்.

இதைக் கண்டுபிடிக்க, துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் டனலுக்குள் பிங் அனுப்பி, எந்த அளவுவரை பதில் வருகிறது என்று பாருங்கள். எங்களுக்கு 1372 பைட் போயிற்று, 1373 போகவில்லை. பிங்கின் ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளுக்கு 28 பைட் சேர்த்தால் 1400; அதிலிருந்து ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 கழித்தால் 1360. இரு ரவுட்டர்களிலும் டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் வைக்கும் தரவின் உச்ச) அளவை 1360 என்று வரையறுத்து, அந்தக் குறிப்பிட்ட ஐசிஎம்பி செய்திக்கு மட்டும் ஃபயர்வாலில் வழிவிட்டோம். அதுவரை நகலாகாமல் பிழை காட்டிய 200 எம்பி கோப்பு ஒரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகும் கணக்கு மென்பொருள் மட்டும் மெதுவாகவே திறந்தது. அதற்குக் காரணம் தாமதம். சென்னைக்கும் திருப்பூருக்கும் இடையே ஏறக்குறைய 450 கிலோமீட்டர்; கண்ணாடி இழையில் ஒளி போய்வர 5 மில்லிநொடிகூட ஆகாது. ஆனால் இரு கிளைகளும் வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பை வைத்திருந்ததால் பாக்கெட் மும்பை வரை போய் வந்து 40 மில்லிநொடி எடுத்துக்கொண்டது. தரவுக் கோப்பைப் பகிர்வு ஃபோல்டரிலிருந்து நேரடியாகத் திறக்கும் மென்பொருள் 500 முறை கேட்டுக் கேட்டுப் படித்தால் அதற்கே 20 நொடி ஆகிவிடும். எத்தனை எம்பிபிஎஸ் வாங்கினாலும் அந்த 20 நொடி குறையாது. மென்பொருளைச் சர்வரிலேயே ஓடவிட்டு, கிளையிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பயன்படுத்தச் செய்தோம்; கணக்காளர்களின் தினசரிக் காத்திருப்பு அன்றோடு நின்றது.

நீங்கள் ஐபிசெக்குக்குப் பதிலாக ஓப்பன்விபிஎன் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் அது டிசிபியில் (ஒவ்வொரு தரவும் போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்யும் முறை) ஓடுகிறதா என்று பார்த்து, அப்படி உறுதி கேட்காத யுடிபிக்கு மாற்றுங்கள். நகலெடுக்கும் நேரத்தில் ரவுட்டரின் சிபியு 100 சதவீதத்தைத் தொடுகிறது என்றால், குறியாக்கத்துக்கு அதன் சக்தி போதவில்லை. அப்போது மாற்ற வேண்டியது இணையத் திட்டத்தை அல்ல, ரவுட்டரை.